‘மாயா’ ஆல்பத்துல ஆளையே காணோம்

எம்.ஐ.ஏ.வோட ‘மாயா’ ஆல்பத்தைக் கொஞ்ச காலமா எல்லாரும் தூக்கி வெச்சுப் பேசுறாங்க. 2010 ஜூலையில அது வெளிவந்தப்ப கேட்டவங்கள்ல பாதிப் பேர் முகம் சுளிச்சாங்க. மூணு வருஷம் முன்னாடி ‘கலா’ ஆல்பத்துக்கு 10-க்கு 8.9 குடுத்த பிட்ச்ஃபோர்க் இசை விமர்சனத் தளம், இதுக்கு 4.4 தான் போட்டுச்சு. இப்ப பேச்சு அப்படியே திரும்பிடுச்சு. அது தீர்க்கதரிசன ஆல்பமாம். அன்னைக்கு ஏமாந்தவங்களுக்கு விஷயம் புரியலையாம். இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருது. ஏன்னா அன்னைக்கு ஏமாந்த ரசிகர்கள் சரியாத்தான் கேட்டாங்க. அவங்க காதுக்கு ஒரு குறை தட்டுச்சு. அந்தக் குறை நிஜம், இன்னைக்குக் கேட்டாலும் அங்கேயேதான் இருக்கு. அது என்ன குறைங்கறதைத்தான் யாரும் நிதானமா உக்காந்து சொல்லல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எம்.ஐ.ஏ.ன்னா மாதங்கி அருள்பிரகாசம், கூப்பிடுற பேரு மாயா. 1975-ல லண்டன்ல பொறந்தாங்க. கைக்குழந்தையாவே இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணத்துல வளந்து, சண்டை முத்தினப்புறம் 1980கள்ல அம்மாவோட அகதியா லண்டன் திரும்பினவங்க. அப்பா அருளர், ஈரோஸ்ங்கற ஈழ இயக்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். 2005-ல வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரு, 2007-ல வந்ததுக்கு அம்மா பேரு, 2010-ல வந்ததுக்குத் தன்னோட பேரு. நீலகிரியில இருந்து கேக்குறவங்களுக்கு இது எங்கேயோ தூரத்துல கேக்குற குரல் இல்லைங்க. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968-ல இங்க அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சுது. அதுதான் இன்னைக்கு டான்டீ. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்னு எந்தப் பக்கம் போனாலும் அந்தக் குடும்பங்க இருக்கு. லயம், பெரட்டு, கங்காணின்னு அந்தத் தீவோட தோட்டத்துப் பேச்சு இங்கயும் புழங்குது. (அவங்க மலையகம், மாயா யாழ்ப்பாணம். ரெண்டு வரலாறும் வேற வேற, ஒண்ணாப் போட்டுக் குழப்பக்கூடாது.) ஆனா ஊரை விட்டுத் துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பத்துல இருந்து ஒரு பொண்ணு கிளம்பி, யார்கிட்டயும் பரிதாபம் கேக்காம, உலகத்தையே ஆட வெச்சது பெரிய விஷயம். அந்தப் பாசத்தோட கேட்டவங்களுக்குத்தான் ‘மாயா’ ரொம்ப வலிச்சுது.

முதல்ல ஒண்ணைத் தெளிவாப் பேசிடலாம். எலக்ட்ரானிக் ஆயிடுச்சுங்கறது குறையே இல்ல. பிடிச்ச பாடகர் ஏமாத்திட்டாருன்னா "மெஷின் வந்து பாட்டைக் கெடுத்துடுச்சு"ன்னு சொல்றது நம்ம ஊர்ல ரொம்ப சுலபமா வாயில வரும். எம்.ஐ.ஏ. விஷயத்துல அது செல்லாது. அவங்க ஆரம்பிச்சதே மெஷின்லதான். எலாஸ்டிகா பாண்டோட ஜஸ்டின் ஃப்ரிஷ்மன்கிட்ட இருந்து வந்த ரோலண்ட் எம்.சி. 505-ங்கற பெட்டியை வெச்சுக்கிட்டு, முறையா சங்கீதம் எதுவும் படிக்காம, ‘அருளர்’ பாட்டுகளைத் தட்டித் தட்டி உருவாக்கினாங்க. நம்ம பக்கமும் அப்படித்தான். இளையராஜா 1986-லயே ‘புன்னகை மன்னன்’ல கம்ப்யூட்டர் இசையைக் கொண்டு வந்துட்டாரு. ரஹ்மான் 1992-ல ‘ரோஜா’வை வீட்டுப் பக்கத்துல கட்டின ஸ்டுடியோவுல செஞ்சாரு. ‘ரோஜா’வுல மெஷின் இல்லையா? தாராளமா இருக்கு. ஆனா மின்மினி பாடும்போது ஒரு பொண்ணு மூச்சு விடுறது நமக்குக் கேக்குது. மெஷின் அந்த மூச்சுக்கு இடம் விட்டு நிக்குது. அதனால சின்தசைசரா தவிலாங்கற பட்டிமன்றத்தை ஓரமா வெச்சுட்டு, வேற ஒரு கேள்வி கேக்கணும். அந்த மெஷினைச் சுத்தி யார் நிக்கிறாங்க?

‘கலா’ கதையைப் பாருங்க. 2006-ல அமெரிக்க விசா சிக்கலாகி, அங்க போய் டிம்பலாண்ட் மாதிரி பெரிய புரொட்யூசர்களோட ஆல்பம் செய்ற திட்டம் நடக்கல. சரின்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டு சென்னை, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியான்னு போயிட்டாங்க. போன இடத்துல எல்லாம் ஆட்களை மைக் முன்னாடி நிறுத்துனாங்க. ‘பேர்ட் ஃப்ளூ’வுலயும் ‘பாய்ஸ்’லயும் கேக்குறது சென்னையில பதிவு பண்ணின நம்ம உறுமி. சாவுக்கும் சாமிக்கும் அடிக்கிற மேளம் லண்டன் க்ளப்புல இடிச்சுது. ‘பேம்பூ பாங்கா’வுல ‘தளபதி’ படத்து இளையராஜா இருக்காரு. ஒரு பாட்டுல ஆஸ்திரேலியப் பழங்குடிப் பசங்க ராப் பண்றாங்க, இன்னொண்ணுல நைஜீரியாக் குடும்பத்துப் பையன் ஒருத்தன் பொழப்புக் கதை சொல்றான். உலகம் முழுக்க ஓடின ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ல பல்லவியைப் பாடுறது பிரிக்ஸ்டன் பக்கத்துச் சின்னப் பசங்க. எம்.ஐ.ஏ. பெரிய பாடகி கிடையாது. ராகம் இழுக்க மாட்டாங்க, சுருதிக்காக மெனக்கெட மாட்டாங்க. அவங்களோட திறமை கூட்டம் சேக்குறதுலதான் இருந்துச்சு. நடுவுல நின்னு கூவுவாங்க, சுத்தி நிக்கிறவங்க பதில் குடுப்பாங்க. அந்தப் பதில்தான் பாட்டு. ‘கலா’வை 2007-ன் முதல் ஆல்பம்னு ரோலிங் ஸ்டோன் பத்திரிகை போட்டுச்சுன்னா, அதுல அந்தக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்ப ‘மாயா’வுக்கு வாங்க. பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுல பதிவானது. ஆட்களுக்குப் பஞ்சம்னு யாரும் சொல்ல முடியாது. ரஸ்கோ, ப்ளாக்ஸ்டார், டிப்லோ, ஸ்விட்ச், ஸ்லே பெல்ஸ் பாண்டோட டெரக் மில்லர்னு அந்தக் காலத்து எலக்ட்ரானிக் இசையில கில்லாடிங்க அத்தனை பேரும் வந்துட்டாங்க. ஆனா அவங்க எல்லாரும் மெஷினுக்குப் பின்னாடி நிக்கிற ஆளுங்க. மைக்குக்கு முன்னாடி அநேகமா ஒரே ஒரு ஆள்தான். ‘ஸ்டெப்பின் அப்’ பாட்டுல டிரில்லிங் மெஷினும் ரம்பமும் தாளமா ஓடுது. அந்த யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு, தைரியமான யோசனை. ஆனா முதல் அரை நிமிஷத்துலயே அந்தச் சத்தம் என்ன பண்ணப் போகுதுன்னு தெரிஞ்சுடும், மிச்ச நேரம் முழுக்க அதையேதான் பண்ணும். உறுமிக்காரர் கை அப்படி இருக்காது. களைக்கும், வேகம் எடுக்கும், பக்கத்துல அடிக்கிறவரைப் பார்த்துக் கொஞ்சம் மாறும். ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ’ பாட்டு இன்னும் தெளிவான உதாரணம். போன்ல நடக்குற காதலைப் பத்தின சுத்தமான பாப் பாட்டு. மெட்டு ஒட்டிக்கும், அதை மறுக்கல. ஆனா குரலை இழைச்சு மெழுகி வெச்சிருக்காங்க. அந்த லண்டன் தெருப் பேச்சு, வாய்க்குள்ள மெல்லுற தமிழ்ச் சாயல், ஒழுங்கில்லாத ஏத்த இறக்கம், எதுவும் மிச்சமில்ல. அந்த வருஷத்துல வேற யார் பாடியிருந்தாலும் அந்தப் பாட்டு அப்படியேதான் இருந்திருக்கும்.

என்னோட கட்சிக்கு நல்ல சாட்சி அந்த ஆல்பத்துக்குள்ளேயே இருக்கு. ‘டெல் மீ வொய்’னு ஒரு பாட்டு. அலபாமாவுல சேர்ந்து பக்திப் பாட்டு பாடுற ஒரு மரபு உண்டு, சேக்ரட் ஹார்ப்னு சொல்லுவாங்க. தேர்ந்த பாடகர்கள் இல்ல, சபைக்கு வர்ற ஜனங்க தொண்டை கிழியப் பாடுறது. அந்தப் பழைய பதிவுல இருந்து ஒரு துண்டை எடுத்து இந்தப் பாட்டுக்கு அடியில ஓட விட்டிருக்காங்க. சட்டுனு ஆல்பத்துக்கே உயிர் வருது! எம்.ஐ.ஏ. குரல்ல அதே மெஷின் பூச்சு இருக்கு, அதே கணினித் தாளம்தான், ஆனா பின்னாடி ஒரு ஜனம் நிக்குது. ‘பார்ன் ஃப்ரீ’யும் அதே மாதிரி. சூசைட் பாண்டோட 1977-ம் வருஷத்துப் பாட்டை அடித்தளமா வெச்சு, மேல டிரம்ஸை வெறி புடிச்ச மாதிரி ஓட விட்டிருக்காங்க. ஆல்பத்துலயே அதிகச் சத்தமான பாட்டுகள்ல ஒண்ணு. ஆனா அதைக் குறை சொன்ன பழைய ரசிகர்கள் கம்மி. சத்தம் கூடினதுதான் பிரச்சனைன்னா முதல் அடி இதுக்குத்தானே விழுந்திருக்கணும்? விழல. இதுல ஒரு கை அடிக்கிறது கேக்குது, ஒரு மனுஷி கத்துறது கேக்குது. ரசிகர்களுக்கு அது போதுமா இருந்துச்சு.

இதே விஷயத்தை நம்ம மலையிலயும் பார்க்கலாம். ஒரு காலத்துல படகர் சமூகத்துச் சாவுக்கும் விழாவுக்கும் கோத்தர் பழங்குடியினர்தான் வாசிச்சாங்க. ஊதுகுழல், கொம்பு, தோல் மேளம்னு அது ஒரு தனி உலகம். இசை ஆய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் கோத்தர் இசையைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்காரு. 1930கள்ல அந்த வாசிப்பு வேணுமா வேண்டாமான்னு படகருக்குள்ளேயே பெரிய தகராறு நடந்து, போகப் போக அந்த வழக்கம் தேஞ்சு போச்சு. அப்புறம் கேசட் வந்துச்சு, கீபோர்டு வந்துச்சு, ரிதம் பேடு வந்துச்சு. இன்னைக்குப் படகப் பாட்டுன்னு கிடைக்கிறதுல முக்காவாசி மெஷின் தாளம்தான். ஆனா ஒரு கல்யாணத்துலயோ ஹெத்தை ஹப்பா விழாவுலயோ அந்தப் பாட்டைப் போட்டா என்ன நடக்குது? வயசு வித்தியாசம் இல்லாம வட்டம் கட்டிடுறாங்க. ஒரே மாதிரி காலெடுத்து வெக்கிறாங்க, நடுநடுவுல சேர்ந்து கூவுறாங்க. வாசிக்கிற ஆள் மாறி, வாத்தியம் மாறி, கடைசியில வாத்தியக்காரரே இல்லாமப் போனப்புறமும் ஆட்டம் நிக்கல. ஏன்னா அந்தப் பாட்டுகளை ஆடுறவங்க காலடிக்கு அளவெடுத்துச் செய்றாங்க. கோத்தர் இசை விலகினது இந்த மலைக்குப் பெரிய நஷ்டம், அதை நான் சின்னதாக்கல. ஆனா மெஷின் வந்ததாலேயே சனம் விலகிடும்னு சொல்றவங்களுக்கு இந்த வட்டம்தான் பதில். கூட்டத்தை மனசுல வெச்சுச் செஞ்சா மெஷின் தாளத்துக்கும் கூட்டம் வரும்.

சரி, இனி எதிர்க்கட்சி. அவங்ககிட்டயும் சரக்கு இருக்கு, ஒவ்வொண்ணா எடுக்குறேன்.

முதல் வாதம் அந்தத் தீர்க்கதரிசனம். ‘தி மெசேஜ்’னு ஒரு நிமிஷம்கூட ஓடாத முதல் பாட்டுல, உங்க போனும் கூகுளும் அரசாங்கமும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கிடக்குன்னு எச்சரிக்கை வருது. 2010-ல பல பேர் இதைச் சின்னப்பிள்ளைத்தனமான சதிக்கதைன்னு தள்ளிட்டாங்க. 2013-ல அமெரிக்க அரசோட கண்காணிப்பை அம்பலப்படுத்தின ஸ்னோடென் ஆவணங்கள் வெளிவந்துச்சு. எம்.ஐ.ஏ. சொன்னது சரின்னு ஆச்சு. சிரிச்சவங்க மன்னிப்புக் கேக்கணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கருத்து பலிச்சதால இசை நல்லாயிடாது. உண்மையைச் சொல்ற சுமாரான பாட்டுகள் உலகத்துல ஏராளம் இருக்கு. இன்னும் ஒண்ணு. கண்காணிப்பு உலகத்துல மனுஷன் தனியாயிடுறான், சத்தத்துல முழுகிடுறான், அதனால ஆல்பமும் வேணும்னேதான் அப்படி இருக்குன்னு சிலர் சொல்றாங்க. அட்டைப்படம் அப்படித்தான் இருக்கு. யூடியூப் பட்டைகளுக்குப் பின்னாடி அவங்க முகமே தெரியல. படத்துல அது சட்டுனு புரியுது, ஒரு பார்வை போதும். ஆனா பாட்டு அப்படி இல்லையே, நேரம் கேக்குற விஷயமாச்சே. தனிமையைப் பத்தின பாட்டு, கேக்குறவனை வெளிய நிறுத்தணும்னு கட்டாயம் இல்ல. வெளிய நிறுத்தப்பட்டவன் ஏமாந்துட்டேன்னு சொன்னா அவனுக்குப் புரியலைன்னு அர்த்தமும் இல்ல.

ரெண்டாவது வாதம், அன்னைக்கு மேற்கத்தியப் பத்திரிகைகள் அவங்களைப் பழிவாங்குச்சு. 2010 மே மாசம் நியூயார்க் டைம்ஸ் இதழ்ல ஒரு நீண்ட கட்டுரை வந்துச்சு. ஈழத்தைப் பத்திப் பேசிக்கிட்டே வசதியா வாழுறாங்கங்கற தொனியில. ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோவுல செம்பட்டை முடிக்காரங்களைப் பிடிச்சுக் கொல்றதாக் காட்டினதுக்கு யூடியூப்ல தடங்கல் வந்துச்சு. இந்தச் சூழ்நிலை விமர்சனங்களைக் கெடுத்துச்சுங்கறதை முழுசா ஒத்துக்கறேன். பாடகி எப்படி வாழுறாங்கங்கறது பாட்டைப் பத்தின கேள்வியே இல்ல. ஆனா ‘அருளர்’, ‘கலா’வைத் தலையில தூக்கி வெச்சு ஆடின ரசிகனுக்கு, அதுவும் ஈழத்தைப் பத்திப் பேசுறதாலேயே அவங்களை நேசிச்ச தமிழ் ரசிகனுக்கு, அந்தப் பத்திரிகைக்காரங்களோட கோபம் எதுக்கு இருக்கப் போகுது? அவன் ஏமாந்தது பாட்டைக் கேட்டு. ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில போட்டு மூடுறது அவனுக்குச் செய்ற அநியாயம்.

மூணாவது வாதத்தைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். 2009 மே மாசம் முள்ளிவாய்க்கால். அதுக்கு அடுத்த வருஷம் வர்ற ஆல்பத்துல தாளம் ஒழுங்கா இருக்கணுமா, மேளம் கேக்கணுமா, ஆடத் தோணணுமா? இரைச்சலும் உடைசலும்தானே நேர்மை? இதுக்கு முன்னாடி யாரும் குரலை உயர்த்திப் பேச முடியாது. ஆனா நம்ம சனம் துக்கத்தை எப்படிப் பாடியிருக்குன்னு பாருங்க. ஒப்பாரியில ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு வாங்கிப் பாடுவாங்க. தப்பு அடிக்க ஆள் இருக்கும். துக்கத்தைத் தனியா விடக்கூடாதுங்கறதுக்காகவே அந்த வடிவம் உருவாச்சு. இது பழைய கதை, இன்னைக்கு எலக்ட்ரானிக் பாப்புக்கு ஒத்துவராதுன்னு சொல்ல முடியாது. 2021 மார்ச்சுல வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கேளுங்க. சந்தோஷ் நாராயணனோட தாளம் முழுக்க முழுக்க இன்னைக்கு நடனத் தாளம். தீ, அறிவு ரெண்டு பேரோட குரலும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லிக்கும். நடுவுல ஒப்பாரி வந்து உக்காருது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன்னோட பாட்டி வள்ளியம்மாளோட கதையில இருந்து அது வந்துச்சுன்னு அறிவே சொல்லியிருக்காரு. தோட்டத்துத் துயரமும் டான்ஸ் மியூசிக்கும் ஒரே பாட்டுல இருக்க முடியும்னு உலகமே பார்த்துடுச்சு. டான்டீ லயத்துல இருக்குற ஒரு குடும்பம் கேட்டாலும் அது அவங்க வீட்டுப் பாட்டு. ‘மாயா’ அந்த வாசலைத் திறந்திருக்கலாம். எம்.ஐ.ஏ.வை விட அதுக்குத் தகுதியான ஆள் அன்னைக்கு வேற யாருமே இல்ல. அதனாலதான் இவ்வளவு ஆதங்கம்.

கடைசி வாதம், கலைஞர்னா மாறணும், ரசிகன் பழசையே கேட்டு நச்சரிக்கக் கூடாது. சரிதான், மாறட்டும். ‘அருளர்’ல இருந்து ‘கலா’வே பெரிய மாற்றம்தானே? அதை யாரும் எதுக்கலையே! சின்னப் பெட்டியில செஞ்ச பாட்டுல இருந்து நாலு கண்டத்து ஆட்களோட செஞ்ச பாட்டுக்குப் போனாங்க, ரசிகர்களும் சந்தோஷமாக் கூடவே போனாங்க. அதனால மாற்றத்தை வெறுக்குறவங்கங்கற பட்டம் இவங்களுக்குப் பொருந்தாது. அப்புறம், 2010 டிசம்பர் 31-ம் தேதி, ‘மாயா’ வந்து ஆறு மாசம்கூட ஆகல, எம்.ஐ.ஏ. ‘விக்கி லீக்ஸ்’னு ஒரு மிக்ஸ்டேப்பை இலவசமாவே வெளியிட்டாங்க. அதுல இருந்துச்சு ‘பேட் கேர்ள்ஸ்’. டான்ஜா செஞ்ச சுத்தமான எலக்ட்ரானிக் தாளம், மேல கிழக்கத்திய வாசனையோட ஒரு மெட்டு, அதுக்கு மேல பழைய திமிரோட அவங்க குரல். 2012-ல தனிப்பாட்டாவும், 2013-ல ‘மாதங்கி’ ஆல்பத்துலயும் வந்துச்சு. ‘மாயா’வைத் திட்டின அதே ரசிகர்கள்தான் இதைக் கொண்டாடினாங்க. பாடுறவங்க அதே ஆள், கருவிகளும் அதே காலத்துக் கருவிகள். கேட்டவுடனே கூடச் சேர்ந்து பாடலாம்ங்கற அழைப்பு மட்டும் திரும்பி வந்துடுச்சு. ரசிகர்களோட காது மந்தம்னா இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

அதனால ‘மாயா’வைத் திரும்ப எடுத்துப் பேசுறவங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டு தீர்ப்பு. அதோட கருத்துக்குத் தனியா, அதோட இசைக்குத் தனியா. கருத்துல அவங்க ஜெயிச்சுட்டாங்க, மாலை போடுங்க, நானும் வந்து நிக்கிறேன். இசையில அவங்களோட பெரிய பலத்தை அவங்களே கைவிட்ட ஆல்பம் இது. அதைச் சொன்ன ரசிகர்களை மட்டம் தட்டாதீங்க. ஒரு பாடகியை உண்மையா நேசிக்கிறவன்தான் அவங்ககிட்ட என்ன இருந்துச்சு, என்ன காணாமப் போச்சுன்னு துல்லியமாச் சொல்லுவான். எதைக் குடுத்தாலும் கை தட்டுறவனுக்கு அந்தப் பாடகி தேவையே இல்ல, யார் பாடினாலும் அவன் கை தட்டுவான்.

இதை நான் சொல்லி நீங்க நம்பணும்னு இல்ல. நாலு பாட்டை வரிசையாக் கேளுங்க. முதல்ல ‘பாய்ஸ்’, அடுத்து ‘ஸ்டெப்பின் அப்’, அடுத்து ‘டெல் மீ வொய்’, கடைசியா ‘பேட் கேர்ள்ஸ்’. எந்தப் பாட்டுல எத்தனை மெஷின்னு எண்ணாதீங்க. எந்தப் பாட்டுல நீங்களும் ஒரு குரலாச் சேர முடியுதுன்னு மட்டும் கவனிங்க. ரெண்டாவது பாட்டுல சேர இடம் கிடைச்சவங்க யாராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க, அந்த இடத்தை நானும் காது குடுத்துத் தேடுறேன்.